மூன்று சாவிப் பெட்டி

ஆஷ்மியர், நார்ஃபோக்
9 ஜனவரி 1954, சனிக்கிழமை

அன்புள்ள மேவிஸ்,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பிடிக்காததையும் விடமாட்டேன், உனக்குப் பிடிக்காததையும் விடமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன். இதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்.

முதல் உண்மை: உன் அப்பாவைப் பற்றிய ஊர்ப் பேச்சு தாங்காமல் நீயும் உன் அம்மாவும் உன் சித்தி வீட்டுக்குப் போக நார்விச் பஸ்ஸில் ஏறியபோது நான் தபால் நிலையத்துக்குள் நின்றிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். நான் வெளியே வந்திருக்க வேண்டும். தபால்தலை வாங்க நிற்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தபால்தலை எதுவும் வாங்கவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், எல்லாவற்றையும் வரிசையாக எழுதினால்தான் என்னால் யோசிக்க முடிகிறது. தப்பு இருந்தால் திருத்து.

டிசம்பர் 30ஆம் தேதி புதிய பாதிரியார் லீச், கோயிலின் பழைய மரப்பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதைச் சரிபார்த்தார். இரண்டு திருவிருந்துக் கிண்ணங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. முதலாம் எலிசபெத் மகாராணி காலத்து வெள்ளிக் கிண்ணம் அதன் பையோடு காணவில்லை. பூட்டு எதுவும் உடைபடவில்லை.

அந்தப் பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி பாதிரியாரிடமும் மற்ற இரண்டும் கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் சபைக் காப்பாளர்கள் இருவரிடமும் இருக்க வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கலாம் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஆனால் நம் ஊரில் சபைக் கூட்டத்தைக் கோயிலில் ஜெபத்தோடு தொடங்கி, குளிர் தாங்காமல் உன் அப்பாவின் வெள்ளைமான் பப்புக்கு மாற்றி, கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிப்பது இருநூறு வருஷப் பழக்கம். போகவும் வரவும் சோம்பல்பட்டு, மூன்று சாவிகளையும் உங்கள் கல்லாவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் மாட்டிவிட்டார்கள். லீச் பாதிரியாருக்கு இது அன்றுதான் தெரிந்தது. அவர் குடிக்காதவர். முகம் சிவந்துபோய், "அப்போ இது மூணு பூட்டுப் பெட்டி இல்ல, ஒரே ஒரு பூட்டு. அதுக்குக் காவல் சாராயக் கடைக்காரர்" என்றாராம். இதை என் அப்பா சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

பள்ளிக்கூடப் போட்டிக்காக 'ஆஷ்மியரின் பழைய இடங்கள்' என்று நான் ஒரு சிறு புத்தகம் எழுதுவது உனக்குத் தெரியும். கோயிலும் பாழடைந்த மடமும் முடிந்துவிட்டன. மடத்துக் கற்களில் பாதி எங்கள் பன்றிக் கொட்டகையில் இருக்கின்றன என்பதையும் எழுதிவிட்டேன். இனி பப்புகள்தான் பாக்கி. வெள்ளைமானைப் பற்றி எழுத உன் உதவி வேண்டும். பதில் எழுதுவாயா?

ஹெஸ்டர் டில்லெட்


நார்விச்
13 ஜனவரி

ஹெஸ்டர்,

உன் கடிதத்தைச் சித்தி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது.

உன் அப்பா சபைக் காப்பாளர். என் அப்பாவின் ஆணியில் எத்தனை சாவி தொங்கியது, யார் மாட்டியது என்று நீ எனக்கு எழுதுகிறாய். நான் ஆமாம் என்று பதில் எழுதினால் அந்தக் காகிதம் எங்கே போகும்? நீயே கேட்டு எழுதினாயா, உன் அப்பா கேட்கச் சொல்லி எழுதினாயா?

பள்ளிக்கூட பஸ் நிறுத்தத்தில் ஜாய்ஸ் லார்ட்டர் என் பையைப் பிடுங்கிக் கவிழ்த்துக்கொட்டி, "கோயில் மெழுகுவர்த்தித் தாங்கி ஏதும் இருக்கான்னு பாக்கறேன்டீ" என்றாளே, அப்போது நீ பக்கத்தில்தான் நின்றாய். உன் புத்தகத்தில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கு.

பிப்ரவரி 11ஆம் தேதி மாஜிஸ்திரேட்டுகள் கூடி இந்த வருஷத்து பப் லைசென்ஸ்களைப் புதுப்பிப்பார்கள். உன் ஊர்க்காரர்கள் ஆட்சேபம் கொடுக்கப்போவதாக அப்பா எழுதியிருக்கிறார். லைசென்ஸ் போனால் பப்பும் போகும், மாடியிலிருக்கும் எங்கள் வீடும் போகும். நான் பிறந்த அறையும் பப்பின் மாடியில்தான் இருக்கிறது. இதைப் பழைய இடங்களில் சேர்த்துக்கொள்.

மேவிஸ் மாப்ஸ்


ஆஷ்மியர்
17 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மேவிஸ்,

நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தபால் பெட்டியில் நானே போடுகிறேன். நீ நம்பமாட்டாய் என்று தெரியும். உன் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

ஜாய்ஸ் விஷயத்தில் நீ எழுதியது சரி. நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று மத்தியானம் வெள்ளைமானின் நடைக்கதவுமேல் செதுக்கியிருக்கும் வருஷத்தைப் படம் வரையப் போனேன். உன் அப்பா எனக்கு முக்காலி கொண்டுவந்து போட்டார். அவர் என்னிடம் கோபமாக இருப்பார் என்று பயந்திருந்தேன். கோயில் கட்டிய கொத்தர்கள் தங்குவதற்காக முதலில் பப்பைத்தான் கட்டினார்கள் என்று எழுதச் சொன்னார். அதற்கு ஆதாரம் இல்லை என்றேன். "கோயில் முதல்லன்னு சொல்றதுக்கு மட்டும் ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை. அதனால் இரண்டையும் எழுதிவிட்டேன்.

உள்ளே நான்கு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் இப்போது 'கலப்பை' பப்புக்குப் போகிறார்கள். ஜாய்ஸின் அப்பா டெட் லார்ட்டர் கோட்டுப் பையிலிருந்து ஒரு தகரக் குவளையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என் குவளைய நானே கொண்டாந்துட்டேன் பெர்சி. இங்க இருக்கற பாத்திரம் எது யாரோடதுன்னு தெரியல பாரு."

உன் அப்பா குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கழுவாமயே கொண்டாந்திருக்கியே டெட். பயப்படாத, இத எவனும் திருட மாட்டான்" என்றார்.

சாதாரண நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. உன் அப்பா குவளையைக் கழுவி, பீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் கை நடுங்கியதா என்று நான் கவனித்தேன். எதற்காகக் கவனித்தேன் என்பதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

சாவியை எடுக்க முடிந்தவர்கள் யார் யார் என்று நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். லீச் பாதிரியார், கோயில் கூட்டும் திருமதி பன்னெட், இரண்டாவது காப்பாளரான கொல்லர் காட்ஃப்ரி கூச், என் அப்பா, உன் அப்பா. இங்கே கடைசியில் எழுதினாலும், பட்டியலில் முதலில் இருப்பது உன் அப்பாவின் பெயர். அதற்குக் காரணம் இருக்கிறது.

பழைய பாதிரியார் ஃபென்விக்கை அடக்கம் செய்த அன்று, நவம்பர் 24, மழையில் மற்றவர்கள் எல்லாம் போன பிறகு நான் கோயில் வாசலில் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா மணிக்கூண்டுப் படியில் இறங்கி வந்தார். கையில் சாக்கில் சுற்றிய மூட்டை ஒன்று இருந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். கிண்ணம் காணவில்லை என்று தெரிந்த அன்று இதை நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா, "இத லீச் பாதிரியார்கிட்டயும் சொல்லும்மா" என்றார். போய்ச் சொன்னேன்.

ஆகவே உன் அப்பாவைப் பற்றிய பேச்சு தொடங்கியது என்னிடமிருந்துதான். நான் பார்த்ததற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. இருந்தாலும் உனக்குத் தெரிய வேண்டும்.

ஹெஸ்டர்


நார்விச்
21 ஜனவரி

ஹெஸ்டர் டில்லெட்,

ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லையாம். பெருமைப்பட்டுக்கொள்.

உன் பட்டியலில் என் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் இதை எழுதிக்கொள். அந்த மூட்டையில் இருந்தவை தோல் உறைகள், ஆறு. சாவுக்கு மணி அடிக்கும்போது மணி நாக்கின் ஒரு பக்கத்தில் தோல் உறையைக் கட்டுவார்கள். அப்போதுதான் ஓர் அடி உரத்தும் அடுத்த அடி எதிரொலி மாதிரி மங்கியும் கேட்கும். ஃபென்விக் பாதிரியாருக்கு அப்படி அடித்தார்களே, நீ கேட்டுக்கொண்டுதானே நின்றாய்? அந்த ஒலி எங்கிருந்து வந்ததாக நினைத்தாய்? வார் அறுந்துபோன இரண்டு உறைகளை என் அம்மா அன்று இரவே அடுப்படியில் உட்கார்ந்து தைத்தார். ஊசி ஒடிந்து விரலில் ஏறியது. தோல் நனைந்தால் கெட்டுப்போகும். மழை பெய்தது. அதனால்தான் கோட்டுக்குள் வைத்தார். உன்னைப் பார்த்ததால் அல்ல.

இதை உன் அப்பாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். அவரும் இருபது வருஷம் மணி அடித்தவர். அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் உன்னை எதற்குப் பாதிரியாரிடம் அனுப்பினார்?

எங்கள் வீட்டிலும் பட்டியல் போடத் தெரியும். என் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான்.

மே. மா.


ஆஷ்மியர்
2 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மேவிஸ்,

பதில் எழுதப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. முதல் நான்கு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அதன் பிறகு உன் கேள்வியை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. அப்பாவுக்குத் தோல் உறைகளைப் பற்றித் தெரியும். அவை எங்கே காய வைக்கப்படும் என்பதுகூடத் தெரியும்.

அதனால் அடக்கம் நடந்த நாளிலிருந்து மறுபடி யோசித்தேன். என் புத்தகத்துக்காகக் கோயில் பொருள்களின் பழைய பதிவேட்டைப் பார்க்க லீச் பாதிரியாரிடம் அனுமதி கேட்டேன். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். யாரையும் அதனுடன் தனியாக விடுவதில்லை என்றார். இப்போது அவர் எல்லோரிடமும் அப்படித்தான்.

ஃபென்விக் பாதிரியாரின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி: 'வெள்ளிக் கிண்ணம் ஒன்று, பச்சைத் துணிப் பையில்.' இரண்டாவது வரி: 'ஈயக் கிண்ணம் ஒன்று, பச்சைத் துணிப் பையில். என்னோடு வருவதற்கு.' என்னோடு வருவதற்கு என்றால் என்ன என்று கேட்டேன். நோயாளிகளின் வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுபோகும் கிண்ணம் என்று லீச் பாதிரியார் சொன்னார். அவர் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. வடக்குச் சுவரோரம் கல்லறைமேல் படுத்திருக்கும் பழங்காலக் கல் பாதிரியாரை அவர் சரியாகப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நான் அந்தச் சிலையை மூன்று தடவை வரைந்திருக்கிறேன். அதன் மார்பில், இரண்டு கைகளுக்கும் நடுவே, ஒரு கிண்ணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பாதிரியாரைப் புதைக்கும்போது ஒரு மலிவான ஈயக் கிண்ணத்தையும் கூடவே வைப்பார்கள். மடத்தின் இடிபாடுகளில் தோண்டியபோது அப்படி ஒன்று கிடைத்தது என்று ஃபென்விக் பாதிரியாரே ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார்.

ஈயக் கிண்ணம் அவரோடு போயிருக்க வேண்டும். ஆனால் ஈயக் கிண்ணம் பெட்டியில் இருக்கிறது. நானே அதைக் கையில் வைத்து வரைந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா அடுப்படியில் பூட்சுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா கோழி அடைக்கப் போயிருந்தார். நான் கேட்டேன்: "அப்பா, அந்தப் பையைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

எந்தப் பை என்று அவர் கேட்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சவப்பெட்டிக்கு மூடி அறைவதற்கு முன்னால் அவரும் கூச்சும் வெள்ளைமானிலிருந்து சாவிகளை எடுத்துக்கொண்டு போய்க் கோயில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். மூன்றாவது சாவி தன்னுடையது என்று லீச் பாதிரியாருக்கு அப்போது தெரியக்கூடத் தெரியாது. பேராயரின் அனுமதியில்லாமல் இதைச் செய்யக் கூடாது என்பதால் அவரிடம் சொல்லவும் இல்லை. ஈயக் கிண்ணத்தைக் கூடவே வைப்பதாக ஃபென்விக் பாதிரியாருக்கு அவருடைய சாவுப் படுக்கையில் கொடுத்த வாக்கு அது. "ரெண்டு பையும் ஒரே பச்சைம்மா. காட்ஃப்ரி மேல இருந்தத எடுத்துக் குடுத்தாரு. செத்தவரு பக்கத்துல நின்னுக்கிட்டு பையைப் பிரிச்சுப் பாக்கறது மரியாதையாப் படல. அவரு கைக்குக் கீழ வெச்சேன்."

பெட்டியைத் திறந்து சரிபார்த்த அன்று ஈயக் கிண்ணத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் நான் மூட்டைக் கதையோடு வந்தேன்.

பேச்சு தானாக அடங்கிவிடும் என்றார். கல்லறையைத் தோண்டினால் அந்தப் பெரியவருக்கு அவமானம் என்றார். நான் லைசென்ஸைப் பற்றிக் கேட்டேன். அவர் அடுத்த பூட்ஸை எடுத்தார். "ஆட்சேபக் காகிதத்துல கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"காப்பாளர் போடலன்னா ஏன் போடலன்னு கேப்பாங்க" என்றார்.

"போட்டீங்களா அப்பா?"

"போட்டேன்."

மேவிஸ், என் பட்டியலிலிருந்து உன் அப்பாவின் பெயரை அடித்துவிட்டேன். உன் பட்டியலில் இருப்பது சரியான பெயர். இந்தக் கடிதத்தை உன் அப்பா பிப்ரவரி 11 அன்று மாஜிஸ்திரேட்டுகளிடம் கொடுக்கலாம். கீழே முழுப்பெயரில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஹெஸ்டர் ரூத் டில்லெட்


நார்விச்
4 பிப்ரவரி

ஹெஸ்டர்,

உன் கடிதத்தை அம்மா படித்தார், சித்தி படித்தார், நான் ஐந்து தடவை படித்தேன். நீ சொல்வது உண்மை என்று மூன்று பேருக்கும் தோன்றுகிறது. இருந்தாலும் இத்துடன் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இதை என் அப்பா கோர்ட்டில் நீட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? திருட்டுப் பட்டம் சூட்டப்பட்ட ஒருவர், காணாமல் போன வெள்ளி செத்துப்போன பாதிரியாரின் சவப்பெட்டியில் இருக்கிறது என்கிறார். சாட்சிக்குப் பதிமூன்று வயதுப் பெண் எழுதிய காகிதம், அதுவும் அவருடைய மகளின் தோழி எழுதியது. உன் அப்பா எழுந்து, 'என் மகள் கதைப்புத்தகம் அதிகம் படிக்கிறவள்' என்று சொன்னால் போதும். பிணத்தின்மேல் பழி போட்டவன் என்ற பெயரும் சேர்ந்துவிடும். அதற்காகவே இதை அனுப்பினாயோ என்றுகூட அம்மாவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. எனக்கும் தோன்றியது. நீ உண்மையையே எழுதுவதாகச் சொன்னாய், நானும் எழுதிவிட்டேன்.

எனக்குக் காதில் சொன்னால் போதாது, ஹெஸ்டர். நான் நாற்பது மைல் தள்ளி இருக்கிறேன். என் அப்பாவைப் பற்றி நீ பாதிரியாரிடம் நேரில் நின்று சொன்னாயே, இதையும் அங்கேயே சொல்.

மேவிஸ்


ஆஷ்மியர்
7 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மேவிஸ்,

இப்போது மணி ஏழு. இன்று நடந்தது மறப்பதற்குள் எழுதுகிறேன்.

நீ திருப்பி அனுப்பிய கடிதம் நேற்று வந்தது. இரவு முழுக்கத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அதை எரித்துவிட வேண்டும் என்று ஒரு தடவை எழுந்தேன். காலையில் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் முட்டையைச் சாப்பிடாமல் இரண்டு பக்கமும் படித்தார். "இத எங்க கொண்டுபோகப் போற?" என்றார். மூன்று மணி ஆராதனை முடிந்து நடக்கும் சபைக் கூட்டத்தில் லீச் பாதிரியாரின் கையில் கொடுப்பேன் என்றேன். சின்னப் பெண்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை என்றார். பின்வரிசையில் உட்காருவேன், யாரும் என்னைக் கவனிக்கமாட்டார்கள் என்றேன். அவர் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். அது எனக்கு அடி வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அம்மா என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கூட்டத்துக்கு இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். உன் அப்பா மணிக்கூண்டுக்குக் கீழே, கயிறுகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவரோடு யாரும் நிற்கவில்லை. திருமதி பன்னெட் காணிக்கைத் தட்டை எடுத்துக்கொண்டு அவரைச் சுற்றி, தூரமாகவே நடந்து போனார். லீச் பாதிரியார் ஆட்சேபக் காகிதத்தைப் படித்துக்காட்டினார். பதினொரு கையெழுத்து. அப்பாவின் பெயர் இரண்டாவதாக இருந்தது. வேறு யாரும் சேர்ந்துகொள்ள விரும்புகிறீர்களா என்று கேட்டார். டெட் லார்ட்டர், "எனக்கு எழுத வராதுங்க, பெருவிரல் வெக்கட்டுமா?" என்று கேட்டதும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு எழுத வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். லீச் பாதிரியார் என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை, மேவிஸ். பஸ் நிறுத்தத்தில் எப்படி நின்றேனோ அப்படியே நின்றேன்.

அப்போது அப்பா, என் பக்கம் திரும்பாமலேயே, "நீ உக்காரும்மா. நான் சொல்றேன்" என்றார்.

சொன்னார். எதையும் குறைக்கவில்லை. பையைப் பிரிக்காதது, அன்றே புரிந்தது, மூட்டையில் என்ன இருந்தது என்று தெரிந்தும் என்னைப் பாதிரியாரிடம் அனுப்பியது, கையெழுத்து, எல்லாம். காட்ஃப்ரி கூச் காது கேட்காதவர் போலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரும் எழுந்து, "எடுத்துக் குடுத்தது நான்தான்" என்றார். அப்பா மணிக்கூண்டின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பெர்சி" என்பதற்கு மேல் வரவில்லை.

லீச் பாதிரியார் ஆட்சேபக் காகிதத்தை நான்காகக் கிழித்தார். மாஜிஸ்திரேட்டுகளுக்கு இன்றே எழுதுவதாகவும், கல்லறையைத் திறப்பதா வேண்டாமா என்று பேராயர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். உன் அப்பாவிடம் நேராகப் போய்க் கை நீட்டினார். உன் அப்பா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகுதான் பிடித்தார்.

லைசென்ஸ் போகாது, மேவிஸ். உன் வீடு போகாது. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். வரிசை தவறாமல் எழுத வேண்டும் என்ற பைத்தியத்தில் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வெள்ளைமானை நோக்கி நடந்தார்கள். ஆறு வாரமாக அந்த வாசலை மிதிக்காதவர்களும் போனார்கள். டெட் லார்ட்டர்தான் முதலில் போனார். போகும்போது ஒருவரும் அப்பாவின் வரிசைப் பக்கம் வரவில்லை. அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சென்ற வாரம்வரை உன் அப்பாவைப் பார்த்த அதே பார்வை. இனி எங்கள் வீட்டைப் பற்றி என்னென்ன பேசுவார்களோ தெரியாது. நாளைக்கு பஸ் நிறுத்தத்தில் தெரியும்.

நான் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, தொடவும் இல்லை. ஜன்னல்கள் இருட்டிவிட்டன. கோயிலில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை என்று நினைத்தேன். ஆனால் உன் அப்பா இன்னும் போகவில்லை. மணிக்கயிறுகளைச் சுருட்டிக் கட்டிவிட்டு, கதவுக்குப் பக்கத்திலிருக்கும் சுவிட்சுகளுக்கு அருகே வந்து நின்றார். அவர் பப்பில் இருபது பேர் காத்திருந்தார்கள். அவர் அசையவில்லை. அப்பா தலையைத் தூக்கவில்லை. அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்று நீதான் ஒருமுறை எனக்குச் சொன்னாய்.

"அணைக்கட்டுமா, எட்கர்?" என்றார் உன் அப்பா.

"அணைச்சிடு பெர்சி" என்றார் அப்பா.

விளக்குகளை அணைத்தார்.

ஹெஸ்டர்